நாய்களுக்கு வரும் காதுநோய்

வீட்டையும் ஆட்டுப்பட்டியையும் களத்தையும் இரவு பகலாகக் காத்து நிற்பது நாய். மாட்டுக்குக் கோமாரி கண்டால் உடனே விழித்துக்கொள்ளும் நாம், நாய் தலையை உதறித் திரிந்தால் அதனைப் பொருட்படுத்துவதில்லை. காது வலியால் வருந்தும் நாய், அன்புடன் தலையைத் தடவும் குழந்தையையும் கடித்துவிடக்கூடும். ஆகவே இந்நோயைப் பற்றி நாம் அறிந்திருத்தல் அவசியமாகும்.

நோய் உண்டாகும் விதம்: நாயின் காதுக்குழாய் முதலில் கீழ்நோக்கி இறங்கி, பின்னர் உட்புறம் திரும்பிச் செவிப்பறையை அடைகிறது. இதனால் உள்ளே புகுந்த நீரும் அழுக்கும் எளிதில் வெளிவருவதில்லை. மடல் தொங்கும் நாய்களுக்குக் காதில் காற்றோட்டமும் குறைவு. காதுப்பூச்சி, உண்ணி, ஒட்டுப்புல்லின் முள், தோல் ஒவ்வாமை ஆகியவற்றுள் ஒன்று முதலில் அழற்சியை உண்டாக்கும். பின்னர் பூஞ்சையும் பாக்டீரியாவும் அங்கே பெருகும்.

அறிகுறிகள்: அடிக்கடி தலையை உதறுதல், காதைச் சொறிதல், தொட்டால் முனகுதல், மடலின் உட்புறம் சிவந்து வீங்குதல், துர்நாற்றம் ஆகியன முதற்குறிகள். காப்பித்தூள் போன்ற கறுத்த அழுக்கு இருப்பின் காதுப்பூச்சி என்று ஐயுறலாம். மஞ்சள் நிறச் சீழ் வடிவது பாக்டீரியா பெருகியிருப்பதைக் காட்டும். தலை ஒருபுறம் சாய்ந்து நாய் தள்ளாடினால் நோய் உட்காது வரை சென்றிருக்கக்கூடும். சிறிதும் தாமதித்தல் ஆகாது.

நாரணாபுரம் முதலிய சிவகாசி வட்டாரத்துச் சிற்றூர்களில், இக்குறிகளை வெடிச் சத்தத்தால் வந்தவை என்று எண்ணிவிடுதல் கூடாது. சத்தத்தால் நாய் மிரளும். ஆனால் சீழும் நாற்றமும் அதனால் வருவன அல்ல. நம் மாவட்டத்திற்குப் பெருமை தேடித் தந்த இராசபாளையம் நாய்களுள் சில பிறவியிலேயே செவிடாக இருப்பதுண்டு. வெண்ணிறத்தோடு தொடர்புடைய அக்குறைக்கு மருந்தில்லை. காது சுத்தமாக இருந்தும் குட்டி முதலிலிருந்தே ஓசைக்குத் திரும்பாவிடில் அதுவே காரணமாகலாம்.

செய்யத் தகாதவை: வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய், காய்ச்சிய எண்ணெய் ஆகியவற்றைக் காதில் ஊற்றலாகாது. குச்சியில் பஞ்சைச் சுற்றிக் குடைந்தால் அழுக்கு மேலும் உட்செல்லும். முன்பு வாங்கிய சொட்டு மருந்தையும் தாமாகவே விடுதல் தகாது. செவிப்பறை கிழிந்திருந்தால், சில மருந்துகள் உள்ளே இறங்கி நாயை நிரந்தரமாகச் செவிடாக்கிவிடும். மருத்துவர் காதினுள் பார்த்த பின்னரே எந்த மருந்தும் விடவேண்டும் என்பதே இக்கட்டுரையில் முதன்மையாக நினைவிற்கொள்ளத்தக்கது.

சிகிச்சை: நாய்க்கு வாய்க்கட்டுப் போட்டு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டு செல்க. கொண்டு செல்ல இயலாவிடில் 1962 என்னும் எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைத்துக் கேட்கலாம். மருத்துவர் காதைத் துப்புரவு செய்து, நோய்க்கேற்ற மருந்து தருவார். சொட்டு மருந்து விட்டபின் காதின் அடிப்பாகத்தை மெதுவாகப் பிசைந்துவிட வேண்டும். வலி குறைந்தவுடன் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும். அவர் சொன்ன நாள் வரை விடவேண்டும். காதுப்பூச்சி முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெறச் சுமார் 3 வாரம் ஆகும். அது பிற நாய்களுக்கும் பூனைகளுக்கும் தொற்றுவதால், வீட்டிலுள்ள அனைத்திற்கும் ஒருங்கே சிகிச்சை செய்விக்க வேண்டும்.

சிகிச்சையின்போது நாய் கடித்துவிட்டால், புண்ணைச் சோப்பிட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

ஊராட்சியின் கடமை: வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடக்கும் நாளிலேயே நாய்களின் காதுகளையும் பார்வையிடும்படி கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாம். முகாம் நாளை முன்கூட்டியே தண்டோராவால் அறிவித்தல் நன்று. வீட்டார் வாரம் ஒருமுறை காது மடலைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்தறியப் பழகினால், பெரும்பாலான துன்பத்தைத் தொடக்கத்திலேயே தடுத்துவிடலாம். இதற்குச் செலவு ஏதுமில்லை.