முன்பற்களுக்கு இடையே விழும் சந்து

ஆண்டு மலருக்காகச் செயற்குழுவினர் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வது நம் வழக்கம். பழைய மலர்களை அடுக்கி வைக்கும் பணி ஒருமுறை என்னிடம் வந்தபோது, 2014ஆம் ஆண்டுப் படத்தையும் 2019ஆம் ஆண்டுப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது என்னை உறுத்தவில்லை. முதல் படத்தில் ஒட்டி நின்ற என் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும், அடுத்த படத்தில் ஓர் அரிசி நுழையும் அளவுக்கு விலகி நின்றன. "பல் சந்து அதிர்ஷ்டம் ஐயா, பணம் வரப்போகிறது" என்றார் நண்பர் ஒருவர். நானும் சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். பணம் வரவில்லை. 2021இல் அந்தச் சந்துக்குப் பக்கத்துப் பல் ஆட்டம் கண்டு, பிடுங்க வேண்டியதாயிற்று.

முன்பல் சந்து எல்லாம் நோய் என்று யாரும் அஞ்ச வேண்டாம். பிறவியிலேயே சிலருக்கு அது உண்டு. மேலுதட்டையும் ஈறையும் இணைக்கும் தசைநார் சற்றுத் தடித்திருந்தாலோ, தாடையின் அளவுக்குப் பற்கள் சிறியவையாக இருந்தாலோ அப்படி அமையும். ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நிரந்தர முன்பற்கள் முளைக்கும்போது காணும் இடைவெளி, கோரைப் பற்கள் இறங்கி வந்ததும் பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். இவை குற்றமற்றவை. ஆனால் நாற்பது, ஐம்பது வயது வரை இல்லாத சந்து புதிதாக விழுகிறது என்றால் அதை வயதின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. வயது ஏற ஏறப் பற்கள் நெருக்கிக்கொண்டு வருவதுதான் வழக்கம். விலகிப் போவதற்கு வேறு காரணம் இருக்கும்.

அந்தக் காரணம் பெரும்பாலும் ஈறு நோய். பல் எலும்புக்குள் நேராக அறையப்பட்ட ஆணி அன்று. வேருக்கும் எலும்புக்கும் நடுவே நுண்ணிய நார்கள் அதைத் தாங்குகின்றன. உள்ளிருந்து நாக்கு தள்ளுகிறது, வெளியிலிருந்து உதடு தடுக்கிறது. இந்த இழுபறியின் சமநிலையில்தான் பல் தன் இடத்தில் நிற்கிறது. பல்லின் அடியில் படியும் அழுக்கு நாளடைவில் காரையாக இறுகுகிறது. அதில் குடியேறும் கிருமிகளால் ஈறு வீங்கி, உள்ளே எலும்பு கரையத் தொடங்குகிறது. தோட்டத்து வேலியில் மண் அரித்துப்போன கம்பத்தைப் பார்த்திருப்பீர்கள். முன்பு அசையாமல் நின்றது, மாடு ஒன்று சாய்ந்தாலே வளைந்துவிடும். பல்லுக்கும் அதே கதிதான். அதிலும் மேல் முன்பல்லுக்கு ஒற்றை வேர். முன்னால் உதட்டைத் தவிர வேறு தடுப்பு இல்லை. கீழ்ப்பற்கள் பின்னாலிருந்து இடிக்க, மேல்பற்கள் விசிறி விரிவதுபோல் வெளியே பரவுகின்றன.

கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிவிட்டு அப்படியே விட்டுவிடுவது இரண்டாவது காரணம். "பின்னால் போனது யாருக்குத் தெரியப் போகிறது" என்று நானும் நினைத்தவன்தான். மெல்லும் பாரம் முழுவதும் முன்பற்களின் மேல் விழுகிறது; அவை அந்த வேலைக்காகப் படைக்கப்பட்டவை அல்ல. நாக்கால் பல்லை முட்டித் தள்ளும் பழக்கமும் சந்தை வளர்க்கும்.

இந்நோயின் சூழ்ச்சி, வலி இல்லாமல் வருவது. பல் துலக்கும்போது இரத்தம் கசிவது முதல் அடையாளம். புகை பிடிப்பவர்களுக்கு அந்த அடையாளம்கூடத் தெளிவாகத் தெரியாது. புகை ஈறின் இரத்தக் கசிவைக் குறைத்து நோயை மறைத்துவிடும். நாம் இனிப்புநீர் என்று சொல்லும் நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் விரைந்து முற்றும். ஈறு நோய் முற்றினால் இரத்தச் சர்க்கரையை அடக்குவதும் கடினமாகும். என் பல்லைப் பிடுங்கிய மருத்துவர் முதலில் கேட்டது, "ஐயா, கடைசியாக இரத்தப் பரிசோதனை எப்போது செய்தீர்கள்?" என்பதுதான். செய்து பார்த்ததில் எனக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. பல் சொல்லித்தான் அதை அறிந்தேன்.

சிகிச்சையில் வரிசை முக்கியம். முதலில் ஈறு. காரையை நீக்கி, ஈறுக்கு அடியில் வேரையும் சுத்தம் செய்வார்கள். எக்ஸ்ரே எடுத்து எலும்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பார்கள். கரைந்த எலும்பு முழுமையாகத் திரும்புவது அரிது. மேலும் கரையாமல் நிறுத்தலாம். அண்மையில் விழுந்த சிறு சந்து, ஈறு குணமானதும் ஓரளவு தானாகக் கூடிவருவதும் உண்டு. வீக்கம் இருக்கும்போதே கம்பி கட்டிப் பல்லை இழுத்தால் எலும்பு இன்னும் வேகமாகக் கரையும்.

ஈறு அடங்கிய பிறகு கம்பியாலோ, கழற்றி மாட்டும் நிறமற்ற உறைகளாலோ பற்களை மெல்ல நகர்த்தலாம். அறுபது வயதிலும் இது முடியும். எலும்பு குறைந்தவர்களுக்குப் பற்கள் மீண்டும் ஓடிவிடும் என்பதால், பின்புறம் மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டி நிரந்தரமாகப் பிணைத்துவைப்பார்கள். பல் அசையாமல், சந்து சிறிதாக மட்டும் இருந்தால், பல் நிறத்துப் பசைப்பொருளைப் பக்கவாட்டில் ஒட்டி அடைக்கலாம். செலவு குறைவு, ஆனால் காப்பியும் மஞ்சளும் கறையேற்றும், சில ஆண்டுகளில் பழுது பார்க்க வேண்டும். வெனியர் என்னும் மெல்லிய ஓடு ஒட்டுவதற்குப் பல்லின் மேற்பூச்சைச் சற்றுச் சீவ வேண்டிவரும், அது மீண்டும் வளராது. பல்லே போய்விட்டால் கழற்றும் பல்செட், பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் பாலம், எலும்பில் பதிக்கும் செயற்கை வேர் என்று வழிகள் உண்டு. புகையும் அடங்காத சர்க்கரையும் செயற்கை வேருக்குப் பகை.

ஒன்றை மட்டும் ஆசிரியர் தோரணையிலேயே சொல்கிறேன். சந்தை மூட இரு பற்களையும் சுற்றி ரப்பர் வளையம் மாட்டுவதைச் சிலர் கைவைத்தியமாகச் செய்கிறார்கள். பல் அடியை நோக்கிக் குறுகுவதால் அந்த வளையம் வழுக்கி ஈறுக்குள் ஏறி, வேரைச் சுற்றியுள்ள எலும்பை அறுத்துவிடும். கண்ணுக்கும் தெரியாது. நல்ல பற்கள் இரண்டும் அப்படியே விழுந்தவர்கள் உண்டு. மலேசியாவில் பதிவு பெறாதவர்கள் மலிவு விலையில் போலிக் கம்பி கட்டிப் பிடிபட்டதும் செய்தியாக வந்ததே. அரசாங்கப் பல் மருத்துவக் கிளினிக்குகளில் கட்டணம் குறைவு. காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குப் பின்புறக் கம்பி ஒட்டி, விழுந்த இடத்தில் பல்செட் வைத்திருக்கிறார்கள். கம்பிக்கு அடியில் சாதாரண பிரஷ் போகாது. குப்பி கழுவும் தூரிகைபோல் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு சிறு பிரஷ் கடைகளில் கிடைக்கிறது. படுக்கப் போகுமுன் அதைப் பல்லிடுக்குகளில் நுழைத்து எடுக்கிறேன். முதல் வாரம் இரத்தம் வந்தது. பிறகு நின்றுவிட்டது.