ஊட்டிக்குப் போகும் முன்: எதில் ஏறுவது, எங்கே தூங்குவது

மே மாதச் சனிக்கிழமை ஒன்றில், ஊட்டி மலைப்பாதையில் பர்லியாருக்கு மேலே இரண்டு மணி நேரம் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். முன்னாலும் பின்னாலும் கார்கள்தான், எல்லாவற்றிலும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பின் சீட்டில் இரண்டு மஞ்சப்பைகள், நாலு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில்கள். பிளாஸ்டிக் இல்லாமல் மலைக்குப் போகிறோம் என்ற மிதப்பில் கிளம்பியிருந்தோம். வண்டி நகராததால் கணக்குப் போட நேரம் கிடைத்தது.

சென்னையிலிருந்து ஊட்டிக்கு ஏறத்தாழ 550 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிற பெட்ரோல் கார் போய்வர எப்படியும் 75 லிட்டர் குடிக்கும். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. ஆக மொத்தம் 170 கிலோவுக்கு மேல். நாலு பேர் போனால் தலைக்கு 43 கிலோ, இரண்டே பேர் என்றால் அதுவே இரட்டிப்பு. இதன் முன்னால் என் எவர்சில்வர் பாட்டில் எந்த மூலைக்கு? பயணத்தின் நல்லது கெட்டதில் பெரும்பகுதி டிக்கெட்டும் ரூமும் போடும்போதே முடிவாகிவிடுகிறது. பை, பாட்டில் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் வண்டி. சென்னைக்காரர்களுக்கு என் சிபாரிசு, இரவில் சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, விடிந்ததும் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, அரசுப் பேருந்தில் குன்னூர் வழியாக மேலே போவது. ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் என்றால் மலைப்பாதையில் பத்துப் பன்னிரண்டு கார்கள் குறைகின்றன. வாந்தி வரும் என்பவர்கள் முன்பக்க ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு, வயிற்றை அரைகுறையாக வைத்துக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவுகள் 14தான். இ-பாஸ் தொல்லையும் கிடையாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். 2025 கோடையில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். பஸ்ஸில் வருபவர் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்.

மலை ரயிலைச் சொல்லவில்லையே என்பீர்கள். எனக்கும் அதன் மேல் கொள்ளைப் பிரியம். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் வந்த பாதை, 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் தொடங்கும். பின்னாலிருந்து எஞ்சின் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டே ஏறும். ஆனால் பசுமைப் பயணம் என்று அதற்குப் பட்டம் கட்ட வேண்டாம். 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம், அதுவும் குன்னூர் வரை எண்ணெய் எரித்து நீராவி கக்கிக்கொண்டு. ஒரு தடவை அனுபவிக்க ஏறுங்கள். டிக்கெட் கிடைக்காவிட்டால் குன்னூர்-ஊட்டி துண்டுக்கு மட்டும் முயன்று பார்க்கலாம்.

முழங்கால் வலிக்காரர், கைக்குழந்தை என்றால் கார் இல்லாமல் முடியாதுதான். அப்போதும் மேட்டுப்பாளையம் வரை ரயில், அங்கிருந்து உள்ளூர் டாக்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவு தெரிந்த டிரைவர், வாடகையும் அந்த ஊரிலேயே தங்கும்.

அடுத்து தங்குமிடம். இதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஊட்டி டவுனில் ஒரு சாதாரண லாட்ஜ், மசினகுடிப் பக்கம் மூங்கில் கூரை போட்ட 'ஈகோ ரிசார்ட்', இரண்டில் எது இயற்கைக்கு நெருக்கம்? நெருக்கம் இரண்டாவதுதான், அதனால்தான் அது வேண்டாம் என்கிறேன். மசினகுடி இருக்கும் சீகூர் பீடபூமிக்குத் தெற்கே மலைச்சரிவு, வடக்கே மோயாறு பள்ளத்தாக்கு. இடையில் உள்ள குறுகிய தரையில்தான் யானைகள் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் போய்வருகின்றன. அங்கே மின்வேலி, கேம்ப் ஃபயர், பாட்டுச் சத்தம் வந்தால் யானை எங்கே போகும்? தமிழக அரசு 2010இல் அறிவித்த வழித்தடத்தை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. தீப்பற்றி அலறி ஓடிய யானையின் வீடியோவை 2021 ஜனவரியில் நாடே பார்த்ததும் இதே மசினகுடியில்தான்.

டவுன் லாட்ஜும் உத்தமம் என்று சொல்ல மாட்டேன். சீசனில் தண்ணீர் லாரி வந்துதான் தொட்டி நிரம்பும். ஆனால் ஏற்கெனவே கட்டிடமாகிப்போன இடத்தில் இன்னொரு ராத்திரி தூங்குவதால் யாருடைய வழியும் அடைபடாது. ஷவரை மறந்துவிட்டு ஒரு வாளி வெந்நீரில் குளியுங்கள். உள்ளூர்க் குடும்பம் தன் வீட்டிலேயே ஒதுக்கித் தருகிற அறை கிடைத்தால் இன்னும் நல்லது. 'யானை பார்க்கலாம் சார், கேரண்டி' என்று போனில் எவர் சொன்னாலும் அந்த ரூமை விட்டுவிடுங்கள்.

யானை பார்க்க நியாயமான இடம் தெப்பக்காடு. வனத்துறை முகாமில் காலையும் மாலையும் ராகி, கொள்ளு, சோறு, வெல்லம் பிசைந்து கவளமாக உருட்டி பாகன்கள் ஊட்டுவார்கள். வாய் திறந்து காத்திருக்கும் யானையைத் தள்ளி நின்று பார்க்கலாம். காட்டுக்குள் போவதென்றால் வனத்துறை வண்டி. புலி வராது, புள்ளிமானும் காட்டெருமையும் வரும், அது போதும். இரவு ஜீப் சவாரிக்கு அழைப்பவரோடு போகாதீர்கள், சட்டப்படியும் தப்பு. மலைப்பாதைக் குரங்குக்குப் பிஸ்கெட் நீட்டுவதும் வேண்டாம், அடுத்த காரின் முன் பாய்ந்து அடிபடுவது அதுதான்.

எப்போது போவது? மே மலர்க் கண்காட்சியை விட்டுக்கொடுக்க முடிந்தால், ஜனவரி, பிப்ரவரியில் ஒரு வார நாள். குளிர் பல்லை ஆட்டும். ரோடு காலியாக இருக்கும்.

கடைசியாகக் கடைத்தெரு. நீலகிரித் தைலம் வாங்காமல் யாரும் இறங்குவதில்லை. வாங்குங்கள், ஆனால் அந்தத் தைல மரம் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டது. மலையின் சொந்தப் புல்வெளியைத் தின்று வளர்ந்தது. ஊரின் அடையாளமாக ஒன்று வேண்டுமென்றால் தோடர் பூவேலை. வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூல், 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. அதே டிசைனை அச்சடித்த சால்வைகளும் பக்கத்துக் கடையிலேயே பாதி விலைக்குத் தொங்கும். துணியைத் திருப்பிப் பாருங்கள். தோடப் பெண்கள் இழை எண்ணித் தைப்பதால் பின்பக்கமும் உடுத்தும்படி இருக்கும். அச்சு என்றால் பின்பக்கம் வெளிறிக் கிடக்கும்.