அளவறிந்து இணைப்போம்

கோலசிலாங்கூர்த் தோட்டமொன்றில், மின்கம்பி எட்டாத காவல் குடிலுக்கு ஒளியூட்டச் சூரியத் தகடுகள் போதும். ஆனால், அவற்றை அளவறிந்து இணைக்க வேண்டும்.

தலா 300 வாட் திறனும் 40 வோல்ட் திறந்த சுற்று மின்னழுத்தமும் கொண்ட 4 தகடுகள் உள்ளன எனக் கொள்வோம். நான்கையும் தொடராக இணைத்தால் மின்னழுத்தம் 160 வோல்ட்டாகும். 100 வோல்ட் மட்டுமே தாங்கும் மின்னேற்றக் கட்டுப்பாட்டுக் கருவி கருகிவிடும். இணைக்கரையாக இணைத்தால் மின்னோட்டம் நான்கு மடங்காகும். தடித்த கம்பி தேவைப்படும். எனவே, இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அவ்விரு வரிசைகளையும் இணைக்கரையாக்குவர். அப்போது 80 வோல்ட்தான். காலைக் குளிரில் மின்னழுத்தம் சற்றே உயர்ந்தாலும் ஆபத்தில்லை.

12 வோல்ட் மின்கலன்கள் இரண்டைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட் கிடைக்கும். 1200 வாட்டை 24 வோல்ட்டால் வகுத்தால் 50 ஆம்பியர். கருவி அதையும் தாங்க வேண்டும். பழைய மின்கலனோடு புதியதைச் சேர்த்தால் இரண்டும் விரைவில் கெடும்.

இணைப்புக்கு முன் கணக்கு; அதன் பின்னரே வெளிச்சம்.