மூன்று ஊரையும் பார்த்துவிட்டு வா

அன்புள்ள கயல்,

வரலாற்றுத் துறை மாணவர்களாகிய நீங்கள் பெனினுக்குப் போகிறீர்கள் என்று உன் அம்மா சொன்னாள். மிகவும் மகிழ்ந்தேன். ஆப்பிரிக்கா என்றாலே சிங்கமும் யானையும்தான் பலருக்கு நினைவு வரும். நீ மனிதர்களின் கதையைப் படிக்கப் போகிறாய்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள். உலகப் புகழ்பெற்ற பெனின் வெண்கலச் சிற்பங்கள் நைஜீரியாவிலுள்ள பெனின் நகரத்தைச் சேர்ந்தவை. நீ போகும் நாடு பழைய டஹோமி. 1960இல் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றது. 1975இல்தான் பெனின் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அங்கே மூன்று ஊர்களை நீ கட்டாயம் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதி உண்மையோடுதான் திரும்புவாய்.

முதலாவது அபோமே. டஹோமியை ஆண்ட ஃபோன் இன மன்னர்களின் தலைநகர். அங்குள்ள மண் அரண்மனைகள் 1985 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். சுவர்களில் மண்ணால் செய்த புடைப்புச் சிற்பங்களை நின்று நிதானமாகப் பார். போர்களும் மன்னர்களின் சின்னங்களும் அவற்றில் உண்டு: கிளேலேவுக்குச் சிங்கம், அவர் மகன் பெஹான்சினுக்குச் சுறா. 1892இல் பிரெஞ்சுப் படை நெருங்கியபோது பெஹான்சின் தன் அரண்மனைக்குத் தீ வைக்கச் செய்தார். பின்னர் மார்த்தினிக் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு, 1906இல் அல்ஜியர்ஸில் இறந்தார். அந்தப் படையெடுப்பின்போது பிரெஞ்சுத் தளபதி அள்ளிச்சென்ற சிம்மாசனங்கள், சிலைகள், கதவுகள் ஆகியவற்றில் 26 பொருள்கள் 2021 நவம்பரில்தான் நாடு திரும்பின. அந்தத் திரும்புதலைப் பற்றி மாத்தி தியோப் எடுத்த ‘டஹோமி’ திரைப்படம் 2024இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது பெற்றது. புறப்படும் முன் அதைப் பார்த்துவிடு.

அபோமேயில் நீ கேட்பது அரசர்களின் வாக்குமூலம். இழந்தவர்களின் கதை அது, நெஞ்சு கனக்கும். அதோடு நின்றுவிடாதே. உய்தாவுக்குப் போ.

உய்தா கடற்கரைப் பட்டினம். 1727இல் டஹோமி அதைக் கைப்பற்றியது. போரில் பிடித்தவர்களை டஹோமி மன்னர்கள் அங்கே ஐரோப்பிய வணிகர்களுக்கு விற்றார்கள். ஊரிலிருந்து கடலுக்குச் செல்லும் நான்கு கிலோமீட்டர் அளவிலான பாதையில் அந்த மனிதர்கள் நடத்திச் செல்லப்பட்டார்கள். பாதை முடியும் இடத்தில் ‘திரும்பா வாசல்’ என்ற நினைவுச்சின்னம் நிற்கிறது. முடிந்தால் வண்டியில் போகாமல் நடந்தே போ. அந்த வணிகத்தில் விலையாகக் கொடுத்தவற்றுள் மாலத்தீவுச் சோழிகளும் இந்தியப் பருத்தித் துணிகளும் உண்டு. நம் சோழமண்டலக் கரையில் நெய்த துணியும் மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதருக்கு விலையாகியிருக்கிறது. அந்தப் பாதையில் நடக்கும்போது இதையும் நினைத்துக்கொள்.

மூன்றாவது கான்வியே. கோட்டோனு நகரை அடுத்த நொக்குவே ஏரியில், நீருக்குள் நட்ட கம்பங்களின் மேல் வீடு கட்டி வாழும் ஊர். ஆள்பிடிக்க வந்த டஹோமி வீரர்களுக்குத் தப்பி ஓடிய தோஃபினு மக்கள் அமைத்தது. நீரில் இறங்கிப் போரிட அந்த வீரர்களின் சமயம் தடை விதித்திருந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அடைக்கலம் தேடி வந்த இடத்திலேயே பிழைப்பையும் கண்டுபிடித்தார்கள். ஆழமில்லாத ஏரியில் மரக்கிளைகளை அடர்த்தியாக நட்டுவைப்பார்கள். நிழலும் இரையும் தேடி மீன்கள் அங்கே சேரும்; பிறகு சுற்றிலும் வலைகட்டிப் பிடிப்பார்கள். ‘அக்காஜா’ என்ற இந்த மரபு முறையை ஒரு மீனவரிடமே கேட்டுத் தெரிந்துகொள். கேட்காமல் யாரையும் படம் எடுக்காதே. அங்கே பலருக்கு அது பிடிக்காது. அவர்கள் வீட்டு வாசலில் நீ விருந்தாளி.

வோடூன் கோயில்களிலும் அதே பணிவு வேண்டும். திரைப்படங்கள் காட்டும் பில்லிசூனியம் அல்ல அது. அம்மக்களின் வாழும் சமயம். ஜனவரி மாதத்தில் அரசு விடுமுறையோடு அதற்குத் திருவிழா நடக்கிறது. அந்த நாட்களில் மழையும் இருக்காது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் கையிலேயே வைத்துக்கொள். அங்கே இறங்கும்போதும் கேட்பார்கள், இந்தியா திரும்பும்போதும் கேட்பார்கள். கொசுவலையை மறக்காதே. ஆட்சிமொழி பிரெஞ்சு, நலம் விசாரிக்கும் அளவுக்காவது கற்றுக்கொண்டு போ.

கொள்ளையடிக்கப்பட்ட அரசு, அந்த அரசு விற்ற மனிதர்கள், அதற்குத் தப்பியவர்கள் என்று மூன்று தரப்பும் ஒரே நாட்டில், ஓரிரு நாளில் சென்றடையும் தூரத்தில் இருக்கின்றன. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்காதே. பிரெஞ்சுக்காரர்கள் செய்த அநியாயம் டஹோமி மன்னர்களின் குற்றத்தை அழிப்பதில்லை. அவர்களின் குற்றம் அந்த அநியாயத்தை நியாயமாக்குவதும் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்தவளே வரலாற்று மாணவி.

ஊர் திரும்பியதும் பழவேற்காட்டுக்குப் போவோம். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் நம் மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றிய துறைமுகம் அது. விற்றவர் யார், விலைபோனவர் யார், தப்பியவர் யார் என்று பெனினில் கேட்ட கேள்விகளை அங்கேயும் கேள்.

அன்புடன்,
பெரியப்பா