அலங்காநல்லூர்: பெயரும் பிறப்பும்

மதுரை மாநகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், வாடிப்பட்டி வட்டத்தில் அமைந்துள்ளது அலங்காநல்லூர்ப் பேரூர். தை மாதம் மூன்றாம் நாள் ஊரே கொள்ளாத கூட்டம் இங்கு வந்து கூடும். மறுநாள் எல்லோரும் போய்விடுவர். எஞ்சிய நாட்களிலும் இவ்வூருக்கு ஒரு கதை உண்டு தோழியரே!

பெயரிலிருந்தே தொடங்குவோம். 'அலங்காரநல்லூர்' என்பதே நாளடைவில் மருவி அலங்காநல்லூர் ஆயிற்று என்பது ஊர்ப் பெரியோர் கூற்று. முற்காலத்தில் கள்ளழகர் சித்திரைத் திருவிழாவுக்கு அழகர்மலையிலிருந்து புறப்பட்டு, இவ்வழியே சென்று, வைகைக் கரையிலுள்ள தேனூரில் ஆற்றில் இறங்குவாராம். வழியில் இங்கே தங்கி அலங்காரம் செய்துகொண்டதால் இப்பெயராம். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், மாசியில் நடந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் விழாவையும் மதுரையோடு இணைத்தார் என்பர். அழகர் தல்லாகுளம் வழியே மதுரைக்குச் சென்றுவிட, எங்களுக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது! இது செவிவழிச் செய்திதான். ஆயினும் நிலப்படத்தை விரித்துப் பாருங்கள். அழகர்கோவிலிலிருந்து மதுரைக்குள் நுழையாமல் தேனூர் செல்பவர் இந்தப் பக்கமாகத்தான் வரவேண்டும். ஆகவே நான் இக்கதையைத் தள்ளிவிட மாட்டேன்.

பெயர் தந்தவர் அழகர் என்றால், சோறு தந்தது பெரியாற்று நீர். அதற்கு முன் இப்பகுதி மழையையும் கண்மாய்களையும் நம்பியே இருந்தது. மேற்கே அரபிக்கடல் நோக்கி ஓடிய பெரியாற்றைக் கர்னல் பென்னிகுவிக் அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பினார். 1895-இல் அணை திறக்கப்பட்டது. அந்நீர் வைகையில் கலந்து, பேரணையில் பிரிந்து, பெரியாறு பிரதானக் கால்வாய் வழியே மேலூர் வரை செல்கிறது. நெல்லும் கரும்பும் தென்னையும் செழித்தன. கரும்பு பெருகியதால் 1960-களில் அலங்காநல்லூருக்கருகே கூட்டுறவு சர்க்கரை ஆலை எழுந்தது. ஊர் பேரூராக வளர்ந்ததில் ஆலைக்கும் பெரும் பங்கு உண்டு.

இனி ஜல்லிக்கட்டு. அதைச் சொல்லாவிட்டால் என்னை ஊருக்குள் விடமாட்டார்கள்! தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்பது முறை. வாடிவாசலிலிருந்து முதலில் வருபவை கோவில் காளைகள். அவற்றை யாரும் பிடிப்பதில்லை. கலித்தொகையில் முல்லைநில மக்கள் ஏறு தழுவியதைப் படிக்கிறோமே, அதே வீரந்தான் இங்கே கண்முன் நிற்கிறது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017 சனவரியில் சென்னை மெரினாவில் மாணவர்கள் திரண்டபோது, இங்கே பெண்களும் முதியோரும் வாடிவாசல் அருகே அமர்ந்து போராடினர். அவசரச் சட்டத்துடன் முதலமைச்சரே மதுரைக்கு வந்தும், நிலையான சட்டம் வேண்டுமென்று ஊரார் இசையவில்லை. சட்டம் நிறைவேறியபின் பிப்ரவரி 10-இல் காளைகள் ஓடின. அந்தச் சட்டம் செல்லும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024-இல் அருகிலுள்ள கீழக்கரையில் ஒரு பெரிய அரங்கமும் திறக்கப்பட்டது.

அரங்கத்தைக் காண வருவோர் ஆலையைப் பற்றிக் கேட்பதில்லை. அண்மை ஆண்டுகளில் அதன் அரவை நின்றது. மீண்டும் திறக்க வேண்டுமென்று கரும்பு விவசாயிகள் பலமுறை போராடினர். சிக்கந்தர்சாவடி, குமாரம் வழியாகப் பேருந்தில் வரும்போது சாலையின் இருபுறமும் பாருங்கள். நாற்று நட்ட வயல்களுக்கு நடுவே வீட்டுமனைக் கற்களும் நட்டிருக்கும். காளை வளர்க்கும் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் அக்கற்களைக் காட்டி, "மாட்டுக்கு வைக்கோலை இனி மதுரையிலயா போயி வாங்குறது?" என்று கேட்கிறார்.