கடைக்காரரும் தோட்டப் பள்ளிக்கூடமும்



கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு என்பது இப்பொழுது பெரிதாகப் பேசப்படுகிறது. பங்குச் சந்தையில் பதிவான கம்பெனிகள், சமூகத்துக்குத் தாங்கள் செய்யும் காரியங்களை ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டுமென்று 2007 இல் நம் நாட்டில் விதி வந்தது. பெயர்தான் புதிது. நம் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் அந்தப் பொறுப்பைச் சட்டம் போட்டு வாங்கிய காலம் ஒன்று இருந்தது.

பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே என்பவர் 1917 இல் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை பயிரிட்டார். மலாயாவில் வியாபார முறையில் எழுந்த முதல் செம்பனைத் தோட்டம் அதுவே. (தோட்டத்தின் பெயர் தென்னமரம், வருமானம் பனையில்!) ரப்பரும் செம்பனையும் பெருகப் பெருக, தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தோடு லயங்களில் குடியேறினர். ஐக்கிய மலாய் நாடுகளில் 1923 இல் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ வாழும் தோட்டங்களில் முதலாளி பள்ளிக்கூடம் வைத்தே தீரவேண்டும் என்று விதித்தது.

துரைமார் வைத்தார்கள். எப்படி வைத்தார்கள்? பல இடங்களில் ஒரு கொட்டகைதான் பள்ளி. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் திரும்பவும் பால்மரத்துக்கே போயினர். சட்டத்துக்குக் கணக்குக் காட்ட அவ்வளவே போதுமாயிருந்தது.

சுதந்திரத்துக்குப் பின் இப்பள்ளிகள் தேசியக் கல்வித் திட்டத்தில் சேர்ந்தன. ஆசிரியர் சம்பளத்தைச் சர்க்கார் ஏற்றது. ஆனால் பல பள்ளிகளின் நிலம் இன்னும் தோட்டத்தாருடையது. அவை பகுதி உதவி பெறும் பள்ளிகள். ஆதலால் கூரை மாற்றவும் சுவர் எழுப்பவும் நன்கொடையை நாடவேண்டியிருக்கிறது. இதற்கிடையே தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன. ஜனங்கள் தாமான்களுக்குப் பெயர்ந்தனர். லயம் போயும் பள்ளி மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கும் இடங்கள் உண்டு. அங்கே படிக்கும் பிள்ளை வேனில்தான் வரவேண்டும்.

"இதில் நமக்கென்ன? நம் பிள்ளைகள் தேசியப் பள்ளிக்கல்லவா போகின்றனர்?" என்று சிலர் கேட்கக்கூடும். பற்றுவரவுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். இவ்வட்டாரத்தில் நம்மவர் கடைகள் தோட்டத்துச் சம்பள நாளை நம்பி வளர்ந்தவை. அரிசி, மிளகாய், கருவாடு எல்லாம் மாதம் முழுதும் பற்று, சம்பளத்தன்று வரவு. எழுதியவர் நாம். கொடுத்தவரில் பலருக்கு அந்தக் கணக்கைக் கூட்டிப் பார்க்கத் தெரியாது. நம்பிக் கொடுத்தார்கள். அந்த நம்பிக்கையில் கட்டிய கடைகளில்தான் நாம் இன்று உட்கார்ந்திருக்கிறோம். துரைக்காவது சட்டம் கட்டளையிட்டது. நம்மை எவரும் கேட்கவில்லை. ஆதலால் கொடுப்பது நம் மனத்தைப் பொறுத்தது.

நம்மவர் கொடுக்காதவர்கள் அல்லர். வியாபாரிகளான ஜமால் முகமது சாகிப், காஜாமியான் ராவுத்தர் ஆகியோரின் பொருளால் திருச்சியில் 1951 இல் ஒரு கல்லூரி எழுந்தது. சிங்கப்பூரிலே கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946 இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கிற்று. 1960 இல் அது உயர்நிலைப் பள்ளியாக உயர்ந்தது. பின்பு பிள்ளைகள் குறைந்து 1982 இல் மூடப்பட்டது. உமறுப்புலவர் பெயர் அங்குள்ள தமிழ்மொழி நிலையத்தில் நிலைத்திருக்கிறது. கட்டடமும் வாத்தியாரும் இருந்தும், பிள்ளை வராவிட்டால் பள்ளி நிற்காது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நாம் வழக்கமாகச் செய்வது யாது? பரிசளிப்பு விழாவுக்குக் கோப்பை, கடைப்பெயர் போட்ட காலண்டர், மாலை, ஒரு புகைப்படம். அடுத்த வருடம் வரை அந்தப் பக்கம் போவதில்லை. கோப்பை அலமாரியில் இருக்கும்; வேன் கட்டணம் கட்ட முடியாத பிள்ளை வீட்டிலிருக்கும். ஒரு கடை இரண்டு பிள்ளைகளின் வேன் கட்டணத்தை முதலாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை ஏற்கட்டும். பெரிய தொகையை ஒருமுறை கொடுப்பதைவிட இது கடினம், ஏனெனில் வியாபாரம் மந்தமான மாதத்திலும் கொடுக்கவேண்டும். தனியே இயலாதவர் நான்கு கடைகளாகச் சேரலாம். எந்தப் பிள்ளைக்கு என்பதைத் தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும் சொல்லட்டும். பணத்தை வேன்காரரிடமே கட்டி ரசீது வாங்கலாம். பிள்ளையைச் சபையில் நிறுத்திக் கொடுப்பது வேண்டாம். அது மறுநாள் நம் கடைக்கே சீனி வாங்க வரும் பிள்ளை.

இது ஸதகாவாகச் செய்வது. ஜகாத்துக்கு உரியவர் எட்டு வகுப்பார் என்று வரையறை உண்டு. அதிலிருந்து எடுக்க நினைப்போர் முதலில் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க. வருமான வரிக் கழிவு வேண்டுவோர்க்கும் ஒரு வார்த்தை. அங்கீகாரம் பெற்ற நிதிக்குக் கொடுத்தால்தான், மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழிவு கிடைக்கும். பள்ளிக்கூடத்துச் சாதாரண ரசீதும் வேன்காரர் ரசீதும் அதற்குச் செல்லா.

பள்ளி திறப்பதற்கு ஒரு மாதம் முன்பே தலைமையாசிரியரைக் கண்டு பேசிவிடுவது நலம். திறந்தபின் போனால் வேனில் இடம் நிரம்பியிருக்கும்.