செந்தோசாவில் ஒரு பகல், சிங்கப்பூரில் நான்கு இரவு: எங்கே அறை எடுப்பது?

சிங்கப்பூருக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் ஓட்டல் தேடும்போது முதலில் தட்டுவது ஒன்றுதான்: யுனிவர்சல் ஸ்டுடியோஸுக்குப் பக்கத்தில் மலிவான அறை. பிள்ளைகள் பல மாதமாகக் கேட்டுக்கொண்டிருப்பது அந்தப் பூங்காவைத்தான். அதனால் அறையும் அங்கேயே இருக்கட்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் நான்கு இரவுப் பயணத்தில் யுனிவர்சலில் கழியப்போவது ஒரே ஒரு பகல். மற்ற நாட்கள் விலங்குத் தோட்டம், மெரினா பே, கோயில், கடைவீதி என்று ஊர் சுற்றுவதில் போய்விடும். ஒரு பகலுக்காக நான்கு இரவும் தீவு வாடகை கொடுப்பதா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பெரும்பாலான குடும்பங்களுக்கு அது தேவையில்லை. சில குடும்பங்களுக்கு அதுவே சரி.

பக்கம் என்றால் எவ்வளவு பக்கம்?

2010-ல் திறந்த யுனிவர்சல் ஸ்டுடியோஸ், செந்தோசா தீவின் வடகரையில் ரிசார்ட்ஸ் வேர்ல்டு வளாகத்துக்குள் இருக்கிறது. எம்ஆர்டி ரயிலின் ஊதா நிறத் தடம் ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்தில் முடியும். அதன் மேலேயே விவோசிட்டி என்ற பெரிய வணிக வளாகம். அதன் மூன்றாம் தளத்தில் மோனோரயில் ஏறினால் அடுத்த நிறுத்தமே ரிசார்ட்ஸ் வேர்ல்டு. தீவுக்குள் போக ஆளுக்கு 4 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். திரும்பி வரக் கட்டணம் இல்லை. காசு கொடுக்காமல் போக, கடலோரமாகக் கூரை போட்ட நடைபாலம் ஒன்றும் உண்டு. சுமார் 700 மீட்டர்தான், நடுநடுவே நகரும் நடைபாதைகளும் இருக்கின்றன.

ஆகவே வரைபடத்தில் கிலோமீட்டரை அளக்காதீர்கள். ஊதாத் தடத்தில் எந்த நிலையத்துக்கு அருகில் ஓட்டல் இருக்கிறது என்று பாருங்கள். சைனாடவுனில் ஏறினால் இரண்டாவது நிறுத்தத்தில் ஹார்பர்ஃபிரண்ட். லிட்டில் இந்தியாவிலிருந்து ஐந்தாவது, ஃபேரர் பார்க்கிலிருந்து ஆறாவது. எங்கும் மாறி ஏற வேண்டாம், கட்டணமும் ஆளுக்கு இரண்டு வெள்ளிக்குள் முடிந்துவிடும். ரயிலை விட்டு இறங்கி, வணிக வளாகக் கூட்டத்தில் தள்ளுவண்டியோடு லிஃப்ட் தேடி மூன்றாம் தளம் ஏறுவதற்குத்தான் கூடுதலாகக் கால் மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

ஐந்து இடங்கள், ஐந்து விதம்

செந்தோசா: பூங்கா வாசலுக்கு நடந்தே போகலாம். நீச்சல்குளம், கடற்கரை எல்லாம் கைக்கெட்டும் தூரம். ரிசார்ட்ஸ் வேர்ல்டு வளாக ஓட்டல்களை விட, இம்பியா நிலையத்தை ஒட்டி 2019-ல் திறந்த வில்லேஜ் ஓட்டல் போன்றவை குடும்பங்களுக்கு விலையில் கொஞ்சம் இறங்கி வரும். குறை என்னவென்றால், தீவை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு நாளும் விவோசிட்டி வழியாகத்தான் போய்வர வேண்டும். இட்லி, தோசை என்று தேடுகிறவர்களுக்கு அங்கே திண்டாட்டம்தான்.

சைனாடவுன்: நம் ஆட்கள் அதிகம் யோசிக்காத இடம், ஆனால் பூங்காவுக்கு லிட்டில் இந்தியாவை விடக் கிட்டம். 1827-ல் தோன்றிய மாரியம்மன் கோயில் இங்கே சவுத் பிரிட்ஜ் ரோட்டில்தான் இருக்கிறது. பழைய கடைவீட்டுக் கட்டடங்களை ஓட்டலாக மாற்றியிருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், அறை சிறியதாக இருக்கும். சிலவற்றில் லிஃப்ட் இருக்காது. முழங்கால் வலிக்காரர்கள் இருந்தால் முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க்: சாப்பாட்டுக் கவலையே இல்லை. 1947-லிருந்து சிராங்கூன் ரோட்டில் கோமள விலாஸ் இருக்கிறது. இரவு வெகு நேரம் திறந்திருக்கும் முஸ்தபா கடை ஒரு பக்கம், வீரமாகாளியம்மன், சீனிவாசப் பெருமாள் கோயில்கள் இன்னொரு பக்கம். காலை எட்டு மணிக்கு இட்லி வடை முடித்து ரயில் ஏறினால், பூங்காவுக்குள் பர்கருக்கு வரிசையில் நிற்கும் அவசரம் மதியம் வரை வராது. ஞாயிறு மாலை மட்டும் எச்சரிக்கை. தொழிலாளர்களுக்கு அதுதான் ஓய்வு நாள், நடைபாதைகள் நிரம்பி வழியும். தள்ளுவண்டியோடு அந்த நேரத்தில் அறை மாற்றாதீர்கள்.

கேலாங்: விலை மட்டும் பார்த்தால் இதுதான் பட்டியலில் மேலே வரும். உரிமம் பெற்ற சிவப்பு விளக்குப் பகுதி இங்கே இருக்கிறது, குறிப்பாக இரட்டைப்படை எண் கொண்ட லோரோங் தெருக்களில். மணிக்கணக்கில் அறை விடும் விடுதிகளும் உண்டு. சாப்பாட்டுக்குப் புகழ்பெற்ற இடம்தான். குழந்தைகளோடு தங்க வேறு இடம் பாருங்கள். பூங்காவுக்குப் போக ரயிலும் மாற வேண்டியிருக்கும்.

ஜோகூர் பாரு: பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியா, அதே பணத்துக்குப் பெரிய அறை. ஆனால் போகவும் வரவும் இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனை, மணிக்கணக்கில் நெரிசல். உங்கள் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிக்கிறதா என்பதும் முக்கியம். யுனிவர்சலுக்காக இங்கே தங்குவது வீண் அலைச்சல். 2012-ல் ஜோகூரில் திறந்த லெகோலேண்டும் உங்கள் திட்டத்தில் இருந்தால், அதற்காக மட்டும் ஓர் இரவு இங்கே போடலாம்.

விலைப்பட்டியலைப் படிக்கும் விதம்

சிங்கப்பூர் ஓட்டல் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால் உஷாராகுங்கள். 10 சதவீத சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைக்கு 9 சதவீத ஜிஎஸ்டி என்று அதற்குப் பொருள். 100 வெள்ளி என்று கண்ணில் பட்ட அறை, பணம் கட்டும்போது 119 வெள்ளி 90 காசு ஆகிவிடும். இரண்டு ஓட்டல்களை ஒப்பிடும்போது இரண்டையும் வரியோடு சேர்த்தே ஒப்பிடுங்கள்.

அடுத்தது அறை விவரம். ‘சுப்பீரியர் டபுள், 12 சதுர மீட்டர்’ என்று அழகாகப் போட்டிருக்கும். அது 130 சதுர அடி. கட்டில் போட்ட பிறகு இரண்டு பெட்டிகளைத் திறந்து வைக்க இடம் இருக்காது. அதே வரியின் கடைசியில் ‘ஜன்னல் இல்லை’ என்று சிறிய எழுத்தில் இருக்கும். மலிவு ஓட்டல்களில் இது சகஜம், இரவு மட்டும் தூங்குகிறவர்களுக்குப் பெரிய குறையும் இல்லை. மதியம் குழந்தையோடு அறையில் அடைந்து கிடக்கப்போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் கொடுத்தாவது ஜன்னல் உள்ள அறை எடுப்பது நல்லது.

மூன்றாவது, ஆள் கணக்கு. கணக்கு தலைகீழாவது இங்கேதான். உதாரணத்துக்கு லிட்டில் இந்தியாவில் வரியோடு 150 வெள்ளி அறை ஒன்று, செந்தோசாவில் 280 வெள்ளியும் இரண்டு கூட்டல் குறியும் போட்ட குடும்ப அறை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். செந்தோசா அறை வரியோடு 336 ஆகிறது. நால்வர் ஒரே அறையில் அடங்கினால், லிட்டில் இந்தியாவில் வாடகை 150, ரயிலுக்கும் மோனோரயிலுக்கும் அதிகம் போனால் 32, மொத்தம் 182. ஒரு நாளைக்கு 150 வெள்ளிக்கு மேல் மிச்சம். ஆனால் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், ஓட்டலும் அறைக்கு மூன்று பேருக்கு மேல் விடாது என்றால் இரண்டு அறை எடுக்க வேண்டும். அப்போது 300-ம் 32-ம் சேர்ந்து 332. வித்தியாசம் வெறும் நான்கு வெள்ளி! ‘இருவர் அறைதான், பிள்ளைகளைச் சமாளித்துக்கொள்ளலாம்’ என்று பதிவு செய்துவிட்டுப் போனால், வரவேற்பு மேசையில் பாஸ்போர்ட்டுகளை எண்ணிப் பார்த்து இன்னோர் அறைக்குப் பணம் கேட்பார்கள். பிள்ளைகளின் வயதைப் பதிவிலேயே சரியாகப் போடுங்கள்.

ஓட்டல் வேண்டாம், வீடே எடுத்துச் சமைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் வரும். சிங்கப்பூரில் தனியார் குடியிருப்புகளைக் குறைந்தது மூன்று மாதத்துக்கும், அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடுகளை ஆறு மாதத்துக்கும்தான் வாடகைக்கு விடலாம். நான்கு நாளுக்கு ஒருவர் வீடு தருகிறேன் என்றால் அது சட்டவிரோதம். சமையலறை வேண்டுமென்றால், நாள் வாடகைக்கு உரிமம் உள்ள சர்வீஸ் அபார்ட்மென்ட் தேடுங்கள்.

எந்த வீட்டுக்கு எது?

பிள்ளைகள் பள்ளி வயது, பூங்கா ஒரு நாள் மட்டும், வீட்டில் சைவம்: லிட்டில் இந்தியா அல்லது ஃபேரர் பார்க்.

அதே குடும்பம், எந்தச் சாப்பாடும் சரி, அலைச்சல் குறைய வேண்டும்: சைனாடவுன்.

யுனிவர்சலோடு தண்ணீர்ப் பூங்கா, கடல்வாழ் உயிரினக் காட்சிசாலை என்று தீவிலேயே இரண்டு மூன்று நாள்: செந்தோசா.

கைக்குழந்தையோ நடக்கச் சிரமப்படும் பெரியவரோ உடன் வந்தால்: ஊருக்குள் மூன்று இரவு, செந்தோசாவில் ஓர் இரவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்பார்மர்ஸ் ரைடில் ஏற 102 சென்டிமீட்டர், மம்மி ரைடுக்கு 122 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். அந்த உயரம் வராத பிள்ளைகளுக்குப் பூங்கா மதியத்துக்குள் முடிந்துவிடும். பெரியவர் ஒருவர் சின்னவனை அறைக்கு அழைத்துப்போய்த் தூங்கவைக்க, மற்றவர்கள் மாலை வரை சுற்றலாம். ஓட்டல் மாறும் அன்று பெட்டி தூக்க டாக்ஸிதான் வசதி. செயலி வழி அழைக்கும் தனியார் காரில் 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். சாதாரண டாக்ஸிக்கு அந்த விதி இல்லை.

தேதியும் விலையை ஆட்டிவைக்கும். அங்கே பள்ளி விடுமுறை மே கடைசியில் தொடங்கி ஜூன் முழுக்க நீளும். நம் கோடை விடுமுறைக்காரர்கள் அதற்கு முன் ஒரு வார நாளில் போய்வந்தால் வரிசையும் வாடகையும் குறையும். சீனப் புத்தாண்டும் ஃபார்முலா ஒன் பந்தய வாரமும் தவிர்க்க வேண்டியவை.

பணம் கட்டும் முன் ஓட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு நான்கு கேள்வி கேளுங்கள். இந்த வயதுப் பிள்ளைகளோடு இத்தனை பேர் ஒரே அறையில் தங்கலாமா? ஜன்னல் உண்டா? சொன்ன விலையில் வரி சேர்ந்திருக்கிறதா? விடியற்காலை விமானத்தில் இறங்கினால், மதியம் அறை தரும்வரை பெட்டிகளை வாங்கி வைத்துக்கொள்வார்களா? நான்குக்கும் எழுத்தில் தெளிவான பதில் வந்தால் பதிவு செய்யுங்கள். மழுப்பினால், அதே தடத்தில் அடுத்த ஓட்டலுக்கு எழுதுங்கள்.